வெள்ளிக்கிழமை 1:42-க்கு ஃபோர்க் போட்டது யார்?

குமரேசன் பொய் சொல்கிறார்.

போன மாதம் புனேயில் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கத்தில், இளம் புரோகிராமர்கள் முன்னால் நின்று நாற்பது நிமிடம் பேசினார். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் புரோகிராமுக்கு எந்த த்ரெட் முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது தலைப்பு. முப்பத்தைந்து நிமிடம் நன்றாகவே பேசினார். அதை நான் மறுக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்லைடு போட்டார். புரோகிராமில் ஒரே ஒரு வரி. பக்கத்தில் அதை எழுதியவர் பெயர்: அப்பாஸ். "எங்கள் குழுவில் ஒருவர் அவசரத்தில் செய்த தவறு இது. இதனால் எங்கள் பெரிய வாடிக்கையாளரை இழக்கப் பார்த்தோம். நான் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் சிரித்தது, கை தட்டியது.

அந்த வரியை அப்பாஸ் எழுதவில்லை. கோளாறைக் கண்டுபிடித்தது குமரேசன் இல்லை. வரி எழுதப்பட்ட நேரத்தில் நான் பக்கத்து மேஜையில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் பக்கத்திலேயே இருந்தேன்.

அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் அப்பாஸின் மகள் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'ஃபோர்க் கி பேட்டி' என்று பெயர். ஃபோர்க்கின் மகள்.

என் பெயர் செல்வி. புனேயின் கட்கிப் பகுதியில் பிறந்து, இதே ஊரில் படித்து, இங்கேயே சர்வர் புரோகிராம் எழுதி, போன வருடம் ஓய்வு பெற்றேன். மேடையில் பேசத் தெரியாது. நடந்ததை வரிசையாக எழுதத் தெரியும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசித்தால் ஃபோர்க் பற்றியும் தெரிந்துகொள்ளலாம், குமரேசன் பற்றியும் தெரிந்துகொள்ளலாம்.

1. ஒரு பஸ், ஒரு த்ரெட்

இது பல வருடம் முந்தைய கதை. புனேயின் ஹடப்சர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ரப்பர் வாஷர் பட்டறை. அந்த வாடை எங்கள் டிபன் டப்பா வரைக்கும் ஏறும். ஒன்பது பேர் வேலை செய்தோம். கிளைத் தலைவர் குமரேசன், கோயம்புத்தூர்க்காரர். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவரிடம் சண்டை போடுவது கஷ்டம். தலையணையைக் குத்துவது மாதிரி.

தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்களுக்கு சாஃப்ட்வேர் செய்தோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது எங்கள் லினக்ஸ் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்து நொடிக்கு ஒரு முறை பஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும். சர்வர் அதை வாங்கி மேப்பில் புள்ளி வைக்கும், எந்த கேட்டுக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணக்குப் போடும்.

முதலில் அறுபது பஸ். அந்த சர்வரை எழுதியவள் நான். ஒரு பஸ் வந்தால் அதற்கு ஒரு த்ரெட். படி, கணக்குப் போடு, எழுது, மறுபடி படி. மேலிருந்து கீழே வாசித்தால் யாருக்கும் புரியும். இன்றைக்கு இப்படி எழுதினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறுபது இணைப்புக்காகத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

த்ரெட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. என் அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்களாம், நடுவில் மண்மேடு. ஒரு ஷெட் போனாலும் பக்கத்து ஷெட் நிற்க வேண்டும். யூனிக்ஸில் ப்ராசஸ் என்பது அந்த ஷெட். ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாமான் கொடுக்கச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். த்ரெட் என்பது ஒரே ஷெட்டுக்குள் வேலை செய்யும் ஆட்கள். கை நீட்டினால் சாமான் கிடைக்கும். ஒருவன் தப்பு செய்தால் மொத்த ஷெட்டும் காலி. ஒரே பெட்டியை இரண்டு பேர் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டிக்குப் பெட்டி ஒரு பூட்டு. வேலை செய்கிறவன் பூட்டிக்கொண்டு வேலை செய்வான், முடிந்ததும் திறந்து விடுவான்.

இவ்வளவுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருவது.

2. மூவாயிரம் பேர், ஒரு சாவி

பிறகு ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தார். பல ஊர்களில் தொழிற்சாலைகள், மொத்தம் மூவாயிரம் பஸ். இது கிடைத்தால் ஹடப்சர் கிளை நிற்கும், கிடைக்காவிட்டால் மூடுவார்கள் என்று தலைமை ஆபீஸ் சொல்லிவிட்டது. ஒன்பது பேருக்கும் அது தெரியும்.

குமரேசன் போர்டில் கணக்குப் போட்டார். "மூவாயிரம் பஸ்ஸுங்க. ஒரு த்ரெட்டுக்கு எட்டு எம்.பி. ஸ்டாக் மெமரி. மொத்தம் இருபத்திநாலு ஜி.பி. மெஷின்ல இருக்கறதே எட்டு ஜி.பி. எப்படீங்க ஆகும்?"

"சார், எட்டு எம்.பி. சும்மா இடம் புக் பண்றது. தொட்டாதான் செலவு. ரயில்ல ஒரு பெட்டி ரிசர்வ் ஆயிருந்தா, எல்லாரும் ஏறி உக்காந்துட்டாங்கன்னா அர்த்தம்?" என்றேன்.

"எல்லாரும் ஏறிட்டாங்கன்னா?"

பின்னால் இருந்து அப்பாஸ் சொன்னார்: "மொதல்ல ஏறட்டும் சார். ஏறினப்புறம் பாத்துக்கிடலாம்."

அப்பாஸ் எங்களிடம் சேர்ந்து அப்போது ஒரு வருடம். மேலப்பாளையத்துக் குடும்பம். தகப்பனார் புனே கேம்ப் பக்கம் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்தார். வயதில் என்னைவிடச் சிறியவர், வேலையில் என்னைவிடப் பெரியவர். வாயால் நிரூபிக்கிற ஆள் இல்லை. மூவாயிரம் பொய் பஸ்களாக நடிக்கும் ஒரு புரோகிராமை இரண்டு நாளில் எழுதி என் சர்வர் மேல் ஏவி விட்டார்.

எனக்கும் அவருக்கும் பந்தயம். என் த்ரெட்டுகள் தாங்கும் என்றேன் நான். ஷிஃப்ட் மாறும்போது தாங்காது என்றார் அவர். தோற்றவர் மிசல், அதாவது புனேக்காரர்கள் பாவோடு தின்னும் பயறுக் குழம்பு, வாங்கித் தரவேண்டும்.

மெமரி வெடிக்கவில்லை. மூவாயிரம் த்ரெட்டும் சும்மா நின்றன. குமரேசனின் போர்டுக் கணக்கு தப்பு என்று ஆனது, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அப்பாஸ் மூன்று மணி ஷிஃப்ட் மாதிரி எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்தில் கிளப்பினார். என் சர்வர் படுத்துவிட்டது. காரணம் த்ரெட்டின் எண்ணிக்கை இல்லை. எல்லா த்ரெட்டும் ஒரே அட்டவணையில் எழுதப் பார்த்தன. அந்த அட்டவணைக்கு ஒரே பூட்டு. மூவாயிரம் பேர், ஒரு கக்கூஸ் சாவி. அதுதான் நிலைமை.

"மிசல் காரமா, நடுத்தரமா?" என்று கேட்டேன்.

"காரம்தான் அக்கா. தோத்தவங்க சாப்பிடுறதப் பாக்கணும்லா."

மிசல் தின்றுகொண்டே முடிவு செய்தோம். வேலை மூன்று வகை. பஸ் பேசுவதற்காகக் காத்திருப்பது ஒரு வேலை. அதற்கு ஆள் தேவையில்லை. எந்த இணைப்பில் செய்தி வந்திருக்கிறது என்று லினக்ஸின் உள்மையமான கர்னலிடம் கேட்டுச் சொல்ல ஒரே ஒரு த்ரெட் போதும். லினக்ஸில் அதற்கு ஈபோல் இருக்கிறது. கணக்குப் போடுவது இரண்டாவது வேலை. மெஷினில் கணக்குப் போடும் கோர் நாலு, எனவே நாலு த்ரெட். ஐந்தாவது ஆள் வந்தால் இடித்துக்கொண்டு நிற்பான். அட்டவணையைப் பதினாறு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. மூன்றாவது வேலை ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டில்தான் வம்பு. பட்டனை அழுத்தினால் அன்றைய பஸ் விவரம் பி.டி.எஃப். ஆக வரவேண்டும். அதற்கு வெளியே வாங்கிய ஒரு லைப்ரரி. அது நினைத்தால் செத்துப்போகும். செத்தால் சர்வரையும் இழுத்துக்கொண்டு சாகும். அதைத் தனி ஷெட்டில் வைக்க வேண்டும் என்பதில் குமரேசனையும் சேர்த்து மூன்று பேருக்கும் ஒரே கருத்து. எப்படி வைப்பது என்பதில்தான் பிரிந்தோம்.

3. எலுமிச்சை சாதம்

திங்கட்கிழமை டெமோ. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அப்பாஸ் ரிப்போர்ட்டுக்குத் தனி ப்ராசஸ் எழுதிக்கொண்டிருந்தார். சர்வர் கிளம்பும்போது, ஒரு த்ரெட்கூடப் பிறப்பதற்கு முன்னால், அந்த ப்ராசஸ் பிறந்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். குமரேசனுக்குப் பொறுமை இல்லை.

"எதுக்குங்க இவ்வளவு சுத்தி வளைச்சு? ரிப்போர்ட் கேக்கறப்ப சர்வர்லயே ஒரு ஃபோர்க் போட்டுட்டாப் போச்சு. சைல்டு செத்தா செத்துட்டுப் போகட்டும்."

அப்பாஸ் எழுந்து நின்றார். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவார், இரண்டே காலுக்குத் திரும்புவார். ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவரிடம் வேலை இருந்தால் கீழே வாட்ச்மேன்கூட, "ஜும்மா, பாத் மே", தொழுகை, அப்புறம் வா, என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

"சார், ஃபோர்க்க மட்டும் போட்டுராதீய. உள்ள த்ரெட்டு ஓடிக்கிட்டு இருக்கு. தப்பாயிரும். திங்கக்கெழம காலைல நான் முடிச்சுத் தந்திருதேன்."

"அட, நீங்க போயிட்டு வாங்க அப்பாஸ். நான் எதையும் தொடமாட்டேங்க."

அப்பாஸ் போனார். நான் டப்பாவைத் திறந்தேன். பாதி சாதம் முடிந்திருக்கும், குமரேசன் வந்து அப்பாஸின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாஸின் மெஷின்தான் எங்கள் டெமோ மெஷின். வாடிக்கையாளருக்குப் போகும் புரோகிராம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். அதில் எப்போதும் அப்பாஸின் பெயரில் லாகின் திறந்தே இருக்கும். பாஸ்வேர்ட் போட்டு மூடக் கூடாது என்று உத்தரவு போட்டது குமரேசன். "நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரிங்க, நமக்குள்ள என்னங்க மறைவு?" என்பார். அந்த மெஷினில் யார் உட்கார்ந்து எதை மாற்றினாலும், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவில் அப்பாஸ் என்றே விழும்.

"என்னா சார், அப்பாஸ் சீட்ல?" என்றேன், வாயில் சாதத்தோடு.

"சும்மா ஒரு சின்ன மாத்தம்ங்க. நீங்க சாப்பிடுங்க."

நான் சாப்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். எலுமிச்சை சாதம் எங்கேயும் ஓடியிருக்காது.

அவர் போட்டது ஒரே வரி. ஃபோர்க் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை அப்படியே நகல் எடுப்பது. ஒரு ஷெட்டை நொடியில் நகல் எடுத்துப் பக்கத்தில் வைப்பது மாதிரி. ஆனால் ஃபோர்க்கைக் கூப்பிட்ட ஆள் ஒருவன்தான் நகலுக்குப் போவான். மற்ற த்ரெட்டுகள் போகாது. பெட்டிகள் எல்லாம் போகும். பூட்டுகள் அந்த நொடியில் எப்படி இருந்தனவோ அப்படியே போகும். அந்த நொடியில் ஒருவன் ஒரு பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால், நகலில் அது பூட்டியே இருக்கும். சாவி பழைய ஷெட்டில் நிற்பவன் பையில். நகலில் இருப்பவன் அந்தப் பெட்டி முன்னால் போய் நின்றால் நிற்க வேண்டியதுதான். யாரும் வந்து திறக்கப் போவதில்லை. சைல்டு என்று நாங்கள் சொல்லும் அந்த நகல் பிறந்த உடனே எக்ஸெக் என்று வேறு புரோகிராமுக்குத் தாவிவிட்டால் பெட்டியும் பூட்டும் காணாமல் போய்விடும், பிரச்சினை இல்லை. குமரேசனின் சைல்டு தாவவில்லை. நேராக ரிப்போர்ட் எழுதப் போனது. ரிப்போர்ட்டின் முதல் வேலை, நடப்பதை எல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதுவது. அந்த ஃபைலுக்கும் ஒரு பூட்டு.

நாலு பஸ்ஸை வைத்துப் பத்து தடவை சோதித்தார். பத்து தடவையும் ரிப்போர்ட் வந்தது. நாலு பஸ் இருந்தால் லாக் ஃபைல் பூட்டை யார் தொடப்போகிறார்கள். டெமோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லா விவரத்தையும் லாக் ஃபைலில் எழுதும்படி வேறு திருப்பி விட்டார். அதாவது, பூட்டு எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு எழுந்து போனார்.

அப்பாஸ் தொழுகை முடிந்து திரும்பி வந்ததும் குமரேசன், "தனி ப்ராசஸ் இப்போதைக்கு வேண்டாம்ங்க, டெமோ முடியட்டும். ரிப்போர்ட்டுக்கு வேற ஏற்பாடு பண்ணியாச்சு" என்று மட்டும் சொன்னார். என்ன ஏற்பாடு என்று சொல்லவில்லை.

4. நதியில் நிற்கும் பஸ்

டெமோ தாபோடியில், வாடிக்கையாளரின் ஆபீசில். போக்குவரத்து மேனேஜர் பாட்டீல். மூக்குக்கண்ணாடியைத் தவிர எதையும் நம்பாத மனிதர். சுவரில் பெரிய டி.வி., அதில் மேப், அதில் பஸ்கள். மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறியது. எல்லாப் புள்ளிகளும் நகர ஆரம்பித்தன. குமரேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பாட்டீல் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. மறுபடி அழுத்தினார். இன்னொரு சக்கரம். அவர் பொறுமையான மனிதர் இல்லை. பதின்மூன்று தடவை அழுத்தினார். இரண்டு தடவை வந்தது.

பிறகு டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் பேசியது ஹிந்தி. தமிழில் தருகிறேன்.

"மேடம், பதினேழாம் நம்பர் பஸ் எங்க நிக்குது?"

"தாபோடி பாலத்துக்குப் பக்கத்துல சார்."

"பக்கத்துல இல்ல. நதியில நிக்குது. பத்து நிமிஷமா நிக்குது. குளிக்குதா?"

டிரைவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பபன், குட்டே ஆஹேஸ்?" எங்கே இருக்கிறாய் என்று மராத்தியில் கேட்டார். "கேட்வர், சாஹேப். சஹா பிதோய்" என்றது போன். கேட்டில் இருக்கிறேன், டீ குடிக்கிறேன்.

பாட்டீல் எங்கள் பக்கம் திரும்பினார். "பஸ் நதியில. டிரைவர் கேட்ல. டீ எங்க இருக்குன்னு உங்க சாஃப்ட்வேர் சொல்லுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமரேசன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அதற்குள் அப்பாஸ் வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்திருந்தார். சர்வரில் ஒரு ப்ராசஸ் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. ஒரு தாய், பதினோரு சைல்டு. ஓடுகிற புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக்கரில் ஒரு சைல்டைப் பிடித்தார். அதில் ஒரே ஒரு த்ரெட், அதுவும் நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, இங்க வாங்க. இது லாக் ஃபைல் பூட்டுக்கிட்டதான் நிக்கி. பூட்டப் பிடிச்சிருக்கிறது நாலாயிரத்து நூத்தி இருபத்தேழாம் நம்பர் த்ரெட்டு. அந்த நம்பர்ல இந்த ப்ராசஸ்ல ஆளே கிடையாது."

"பின்ன அது எங்க இருக்குது?"

"தாய் ப்ராசஸ்ல. அங்க அது எப்பவோ பூட்டத் தொறந்துட்டு அது சோலியப் பாத்துக்கிட்டு இருக்கு. இந்தப் பய இங்க வாசல்லயே நிக்கான்." ஸ்க்ரீனிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருக்கா ஃபோர்க்கப் போட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குமரேசனைப் பார்த்தேன். குமரேசன் வாட்டர் ஃபில்டரைப் பார்த்தார்.

நதியில் நின்ற பஸ்ஸுக்கும் இதுவே காரணம். ஃபோர்க் போட்டால் திறந்திருக்கும் இணைப்புகளும் சைல்டுக்கு நகலாகப் போகும். சிக்னல் போன பஸ்ஸின் இணைப்பை சர்வர் மூடிவிடும். மூடினால் பெட்டிக்குத் தெரியும், புதிதாகக் கூப்பிடும். ஆனால் சைல்டின் கையில் அதே இணைப்பின் இன்னொரு முனை திறந்தே இருந்தது. அதனால் லைன் சாகவில்லை. பெட்டி பாவம் பேசிக்கொண்டே இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. அப்படிச் சிக்கியவை பதினேழாம் நம்பரோடு சேர்த்து இருபது முப்பது பஸ்.

"கொன்னுரட்டுமா அக்கா?"

"கொல்லு."

பதினோரு சைல்டையும் அப்பாஸ் ஒரே கட்டளையில் கொன்றார். சில நொடியில் மேப்பில் உறைந்திருந்த பஸ்கள் எல்லாம் குதித்தன. பதினேழாம் நம்பர் நதியிலிருந்து எழுந்து ஒரே தாவில் கேட்டுக்கு வந்து நின்றது.

"அரே, உட் கயீ" என்றார் பாட்டீல். பறந்துவிட்டதாம். உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார்.

சிரித்து முடித்ததும் கறாராகச் சொன்னார். வியாழக்கிழமை மூன்று மணி ஷிஃப்டில் சரியாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். படி இறங்கும்போது குமரேசன் அவரிடம், "டீமில் ஒருவர் அவசரத்தில் செய்துவிட்டார்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அப்பாஸ் தன் பழைய திட்டத்தைப் புதன்கிழமைக்குள் முடித்தார். சர்வர் பிறந்ததும் முதல் வேலையாக, த்ரெட் எதுவும் இல்லாத நேரத்தில், ரிப்போர்ட்டுக்கான ஷெட் கட்டப்பட்டது. ரிப்போர்ட் வேண்டுமென்றால் பைப் வழியாக ஒரு சீட்டு போகும். அந்த ஷெட்டில் ஒரே ஆள், யார் கையிலும் பூட்டு இல்லை, எனவே அங்கே எத்தனை ஃபோர்க் வேண்டுமானாலும் போடலாம். வியாழக்கிழமை பாட்டீல் இருபது தடவை அழுத்தினார். இருபது ரிப்போர்ட் வந்தது. அதில் ஒன்றைப் பார்த்து, பபன் தினமும் டீ குடிக்க எத்தனை நிமிடம் நிற்கிறான் என்று கண்டுபிடித்தார். கிளை பிழைத்தது. ஒன்பது பேரும் பிழைத்தோம். பபன் மட்டும் எங்களை மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பாஸ் பதிவைப் பார்த்தார். "நான் போடலையே அக்கா" என்றார்.

"தெரியும். அவர் உன் சீட்ல உக்காந்ததை நான் பாத்தேன்."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நானும் அதோடு விட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

5. ஸ்லைடில் இருக்கும் நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாஸ் வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் குமரேசன் பேச்சின் வீடியோவை டி.வி.யில் போட்டாள். இந்தப் பருவத்தில் அவள் தன் வகுப்புக்குச் செமினார் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்ட தலைப்பு, ப்ராசஸா த்ரெட்டா என்பது. "டீச்சர் என் பேர் கூப்பிட்டாலே எல்லாரும் ஹஸ்றாங்க ஆன்ட்டி. டாபிக் சேஞ்ச் பண்ணிடவா?" என்றாள். சிரிக்கிறார்களாம். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "வாப்பா, நிஜமா நீங்க போடலையா?" என்று கேட்டாள்.

அப்பாஸ் என் பக்கம் திரும்பினார். பதினைந்து வருடமாக இந்த ஊரில் நல்ல பெயரோடு வேலை செய்கிற மனிதர், சொந்த மகளுக்கு முன்னால் சாட்சி தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவர் போடல. நான் பாத்தேன்" என்றேன்.

ஸ்லைடு வந்தது. நஸ்ரின் அதை நிறுத்தினாள். டி.வி. பக்கத்தில் போய் நின்று, வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தாள். "ஃப்ரைடே. ஒன் ஃபார்ட்டி டூ." திரும்பினாள். "வாப்பா, அந்த டைம் நீங்க மஸ்ஜித்ல தான?"

குமரேசன் தானே ஸ்லைடில் போட்டு, முழு அரங்கத்துக்கும் காட்டிய நேரம் அது. கல்லூரி முதல்வர் பார்த்திருக்கிறார், மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் வாசிக்கவில்லை. நஸ்ரின் வாசித்தாள்.

"விடுங்க அக்கா. அவரு பாட்டுக்குப் பேசிட்டுப் போறாரு" என்றார் அப்பாஸ். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"நீ விட்டுடு. நான் விடமாட்டேன்."

அங்கிருந்தே குமரேசனுக்கு போன் போட்டேன்.

"அட, செல்வீங்களா, நல்லா இருக்கீங்களா? பழைய கதைங்க அது. ரெக்கார்டுல என்ன இருக்குதோ அதைத்தானுங்க போட்டேன்."

"பேரை மறைச்சிருக்கலாமே சார்?"

"பேரு இருந்தாத்தானுங்க பசங்க நம்புவாங்க."

"அப்ப உங்க பேரைப் போட்டிருந்தாலும் நம்பியிருப்பாங்களே."

வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எந்த முறை பெரியது என்று மேடையில் சண்டை போடுகிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் வேலையில் எது சும்மா காத்திருக்கிறது, எது கணக்குப் போடுகிறது, எது செத்துப்போகும் என்று பாருங்கள். காத்திருப்பதற்கு ஆளை வீணாக்காதீர்கள். கணக்குக்கு கோர் எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைக்காதீர்கள். சாகக்கூடியதைத் தனி ஷெட்டில் வையுங்கள். அந்த ஷெட்டை முதலில் கட்டுங்கள், த்ரெட்டுகளைப் பிறகு கூப்பிடுங்கள். உங்கள் பெயரில் இன்னொருவர் எழுதும்படி மெஷினைத் திறந்து வைக்காதீர்கள், குடும்பம் மாதிரி என்று யார் சொன்னாலும். பக்கத்து சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.

இனி குமரேசனுக்கு.

சார், நஸ்ரின் தலைப்பை மாற்றவில்லை. அடுத்த மாதம் அதே அரங்கத்தில் அவள் செமினார். உங்களுக்கு அழைப்பு வரும், நானே அனுப்பச் சொல்கிறேன். வாருங்கள். அந்த ஸ்லைடை நீங்களே மறுபடி போடுங்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் கிழமையையும் நேரத்தையும் மைக்கில் சத்தமாக வாசியுங்கள். பிறகு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அப்பாஸின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்? கோளாறைக் கண்டுபிடித்தது நீங்கள் என்றால், சைல்டு எந்தப் பூட்டின் முன்னால் நின்றது, அந்தப் பூட்டைப் பிடித்திருந்த த்ரெட்டின் நம்பர் என்ன? இரண்டாவது கேள்விக்கு விடை மேலே நானே எழுதியிருக்கிறேன், பார்த்துப் படித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. முதல் கேள்விக்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. அதைப் பெயரோடு சொல்லுங்கள். தமிழில் வேண்டாம், ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவள் வகுப்பு முழுக்கக் கேட்க வேண்டும்.